கல்லிலிருந்து பிறந்த பாராட்டு

இந்தக் கிழமை ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். அது ஒரு பாராட்டுச் சொல். இலக்கணக்காரர் அதனை வினையடை என்பார்கள். 'பிரில்லியன்ட்லி' என்பது அந்தச் சொல். ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் என் வாழ்நாளில் நான் அதிகமாக எழுதிய சொற்களுள் இதுவும் ஒன்று. எழுதியது முழுவதும் சிவப்பு மையில், மற்றவர்களுடைய கொப்பிகளில்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னை நிறுத்திக் கேட்டவர் ஒருவர்தான். அவர் பெரிய அறிஞர் அல்லர். ஆண்டு பதினொன்றில் படித்த ஒரு பிள்ளை.

1996 ஆம் ஆண்டு தை மாதம். அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்து தென்மராட்சிக்கு வந்ததை நேயர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துப் போனபின், பின்னேரத்தில் நாங்கள் படிப்பித்தோம். ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். 'மறக்க முடியாத ஒரு பயணம்' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தத் தலைப்பைக் கொடுத்ததே ஒரு மடமை. எழுபது பிள்ளைகளும் ஒரே பயணத்தைத்தான் எழுதினார்கள்.

ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கொப்பிகளைத் திருத்தினேன். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் எழுத்துப் பிழைகள் தெரியும்; வேறொன்றும் தெரியாது. முப்பதாவது கொப்பிக்கு மேலே கண் வாசிப்பதை விட்டுவிட்டது. கை மட்டும் எழுதியது. ஓரளவு பிழை குறைந்த கட்டுரைகளின் அடியில் எல்லாம் 'பிரில்லியன்ட்லி ரிட்டன்' என்று எழுதி, ஒரு கோடும் இழுத்து விட்டேன்.

மறுநாள் கொப்பிகளைக் கொடுத்தபின் ஒரு பிள்ளை மேசையடிக்கு வந்தாள்.

"சேர், பிரில்லியன்ட்லி எண்டால் என்ன?"

"மிகச் சிறப்பாக எண்டு பொருள், பிள்ளை."

"என்ன சிறப்பு, சேர்?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையும் கையிலே வைத்திருந்தாள். அதிலும் அதே சொல், அதே கோடு. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, கொப்பியை நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கொப்பியைப் பிறகு திறப்போம். முதலில், அவளுக்கு நான் சரியாகச் சொல்லாத பொருளைச் சொல்ல முயல்கிறேன்.

'பிரில்லியன்ட்' என்ற அடைச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரெஞ்சு மொழியில் 'ஒளிர்கின்ற' என்ற பொருளில் வழங்கிய சொல் அது. பிரெஞ்சுக்காரர் அதன் வினையை இத்தாலியரிடமிருந்து பெற்றார்கள்; இத்தாலியில் அது 'பிரில்லாரே'. ஒளிர்தல், மின்னுதல் என்று பொருள். அந்த இத்தாலியச் சொல்லுக்கு மூலம் எது என்பதிலே சொல்லாராய்ச்சியாளர் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. சுழலுதல் என்று பொருள்படும் வேறொரு சொல்லைச் சிலர் காட்டுவார்கள். ஆயினும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிற விளக்கம், அது 'பெரில்' என்ற மணியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதே. பெரிலைப் போல மின்னுவது 'பிரில்லாரே'. என்னுடைய சாய்வும் கல்லின் பக்கந்தான். அதற்கு ஒரு காரணம், கல்லின் வழியே போனால் பயணம் நம்முடைய பக்கம் வருகிறது என்பது. அந்த ஆசை எனக்கு இருப்பதை மறைக்கவில்லை.

பெரில் என்ற பெயர் இலத்தீனில் 'பெரில்லுஸ்'; அதற்கு முன் கிரேக்கத்தில் 'பெருல்லோஸ்'. கிரேக்கர் அந்தப் பெயரை இந்தியாவிலிருந்து கல்லோடு சேர்த்து வாங்கினார்கள் என்பதில் பெரிய கருத்து வேற்றுமை கிடையாது. பிராகிருதத்தில் 'வெருலிய', பாளியில் 'வேளுரிய', வடமொழியில் 'வைடூர்ய'. தமிழில் நாம் வைடூரியம் என்கிறோம். மகாவம்சம் தேவநம்பிய தீசனுடைய காலத்திலே இலங்கையில் தோன்றிய செல்வங்களைச் சொல்லும் இடத்தில் நீலத்தோடும் சிவப்புக் கல்லோடும் வேளுரியத்தைச் சேர்த்துச் சொல்கிறது.

வடமொழி இலக்கணக்காரருக்கு இந்தப் பெயர் தலையிடி கொடுத்திருக்கிறது. விதூரம் என்ற இடத்திலிருந்து வருவதால் வைடூர்யம் என்று பாணினியின் விதி சொல்கிறது. அதற்கு உரை எழுதிய பதஞ்சலி, கிறிஸ்துவுக்கு முன் 2 ஆம் நூற்றாண்டளவில், ஒரு தடை எழுப்புகிறார். அந்தக் கல் பிறப்பது வாலவாயம் என்ற மலையில் அல்லவா, விதூரத்தில் அது பட்டை தீட்டப்படுவது மட்டுந்தானே என்பது அவருடைய கேள்வி. கல் பிறந்த இடத்தின் பெயர் அதற்கு ஏறவில்லை. தீட்டிய இடத்தின் பெயர்தான் ஏறியது. எவ்வளவு நுட்பமான கவனம் பாருங்கள். இலக்கண ஆசிரியர்கள் வறட்டு மனிதர்கள் என்று சொல்பவர்கள் பதஞ்சலியை வாசித்திருக்க மாட்டார்கள்.

இக்கால அறிஞர் பலர் 'வைடூர்யம்' என்ற வடிவமே பின்னால் வடமொழிக்கேற்பத் திருத்தியமைத்த வடிவம் என்றும், மூலச் சொல் திராவிட மொழியைச் சேர்ந்தது என்றும் கருதுகிறார்கள். வேளூர் அல்லது வேலூர் போன்ற ஓர் ஊர்ப்பெயர் அதற்குள் இருக்கலாம் என்பது ஒரு கருத்து. வெண்மையையும் வெளிர்மையையும் குறிக்கும் 'வெள்' என்ற அடியோடு அதனை இணைப்பவர்களும் உண்டு. இது ஊகம். ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிட்டு மேலே போவோம். நம்மில் சிலர் உலகத்துச் சொற்கள் எல்லாவற்றையும் தமிழுக்கு இழுத்துவந்து கட்டிவிடுவார்கள். அந்த வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஊகமல்லாத பகுதி, கல் எங்கிருந்து போனது என்பது. உரோமரான மூத்த பிளினி, கிறிஸ்துவுக்குப் பின் 79 ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர், 37 நூல்களாக ஒரு பெரிய களஞ்சியம் எழுதினார். கடைசி நூல் மணிகளைப் பற்றியது. பெரில் இந்தியாவிலிருந்து வருவது, வேறு இடங்களில் அரிது என்று அதிலே சொல்கிறார். கடலின் பசுமையைக் காட்டும் கல் உயர்ந்தது என்கிறார். இந்தியர் நீண்ட கற்களை விரும்புகிறார்கள், துளையிட்டு யானை மயிரில் கோத்து அணிகிறார்கள் என்கிறார். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் தொழில் நுணுக்கம். பெரிலை ஆறு பட்டையாகத் தீட்டுவார்களாம். தீட்டாவிட்டால் அந்தக் கல்லின் நிறம் மங்கிக் கிடக்கும். பட்டைகளின் மூலைகளில் ஒளி திரும்பும்போதுதான் நிறம் எழும்பும்.

இன்னொன்றையும் பிளினி சொல்லி வைத்திருக்கிறார். பளிங்குக்குச் சாயமேற்றி மணிகளைப் போலியாகச் செய்யவும் இந்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதிலும் முக்கியமாகப் பெரிலை அப்படிச் செய்கிறார்கள் என்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்மைக் கல்லும் போலிக் கல்லும் ஒரே கப்பலில் போயிருக்கலாம். நேற்றுத் திருத்திய கொப்பிகளை நினைத்துக்கொண்டு இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது.

பெரில் எடுத்த இடங்களுள் ஒன்று கொங்கு நாட்டிலே காங்கேயத்துக்கு அண்மையிலுள்ள படியூர். 1819, 1820 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆங்கிலேயர் அந்தச் சுரங்கத்தில் மீண்டும் வேலை செய்து கல் எடுத்திருக்கிறார். நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்றோர் ஊர். 1985 இலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் மணி செய்த தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. பளிங்கு, பெரில், நீலம் என்று பலவகைக் கற்களில் முடித்த மணி, முடியாத மணி, உடைந்த மணி எல்லாம் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுவே என்பர். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அகப்பட்ட உரோம நாணயங்களையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் வியாபாரம் எவ்வளவு மும்முரமாக நடந்திருக்கும் என்பது தெரியும்.

ஒரு சிறு எச்சரிக்கை. இரத்தினபுரிப் பக்கத்திலே இன்று வைடூரியம் என்று விற்கப்படுவது பெரில் அல்ல. பூனைக்கண் போல ஒரு கோடு ஓடும் அந்தக் கல்லை ஆங்கிலத்தில் 'கிறிசோபெரில்' என்பார்கள். பெயரில் உறவு உண்டு, கல் வேறு. இரண்டிலும் இருக்கும் பொதுவான மூலகம் பெரிலியம். அதனை 1798 இல் வோக்கெலின் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் கண்டறிந்தார். பெயர்கள் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நழுவிப் போவது மணி வியாபாரத்தில் புதிதல்ல.

கல்லின் பெயர் ஐரோப்பாவில் போன வேறொரு வழியையும் சொல்லவேண்டும். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலே மூக்குக்கண்ணாடி தோன்றியது. தெளிந்த பளிங்குக் கற்களையும் அக்காலத்தவர் பெரில் என்றே அழைத்தார்கள். அவற்றைத் தேய்த்து வில்லை செய்தார்கள். அதனால் ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு இன்றைக்கும் பெயர் 'பிரில்லெ'. ஒல்லாந்த மொழியில் 'பிரில்'. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 இலிருந்து ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆண்டார்கள். 'கக்கூசு' என்ற சொல்லை நமக்கு விட்டுப் போனவர்கள் 'பிரில்'லை விட்டுப்போகவில்லை. கொடுத்ததும் கொடாததும் அவரவர் பாக்கியம்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இச்சொல் நுழைந்தபோது அதற்குப் புத்தி என்ற பொருள் முன்னால் நிற்கவில்லை. ஒளி, மினுக்கம், பகட்டு இவைதான். 1755 இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் அடைச்சொல்லாக அது ஒளிர்வதைக் குறிக்கிறது. பெயர்ச்சொல்லாக மிக உயர்ந்த முறையில் வெட்டப்பட்ட வைரத்தைக் குறிக்கிறது. வைர வியாபாரிகளிடம் 'பிரில்லியன்ட்' என்பது ஒரு வெட்டின் பெயர். இக்காலத்து வட்ட வெட்டில் 57 அல்லது 58 முகங்கள் இருக்கும். 1919 இல் மார்செல் தொல்கோவ்ஸ்கி என்பவர் எந்தக் கோணத்தில் வெட்டினால் உள்ளே போன ஒளி மேலாலேயே திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கோணம் தவறினால் ஒளி அடியால் ஒழுகிப்போகும். கல் கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும். கல் மாறிவிட்டது, பெரில் போய் வைரம் வந்துவிட்டது. பிளினி சொன்ன பட்டை விஷயம் மட்டும் மாறவில்லை.

என்னுடைய தகப்பனார் காலத்து இளைஞர்கள் தலைமயிருக்கு 'பிரில்லியன்டின்' என்ற வாசனைப் பூச்சுப் பூசுவார்கள். அதுவும் இந்தச் சொல்லின் பிள்ளைதான். தலைக்கு வெளியே மினுக்கம் வேண்டியவர்களுக்கு அது.

ஒளியிலிருந்து திறமைக்குப் பாய்ந்தது எப்படி என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 'ஸ்பிளென்டிட்' என்ற பாராட்டும் ஒளிர்தல் என்ற இலத்தீன் வினையிலிருந்தே வந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை 'பிறைற்' என்கிறார்கள். நாமும் பிரகாசமான எதிர்காலம் என்கிறோம், சுடர்மிகும் அறிவு என்கிறோம். இருட்டில் வாழ்ந்த மனிதனுக்கு வெளிச்சத்தைவிட உயர்ந்த புகழ்ச்சி தோன்றாது.

அடைச்சொல்லின் வாலில் 'லி' சேர்ந்தால் வினையடையாகிறது. இந்த 'லி'யும் ஒரு காலத்தில் தனிச் சொல்லாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்றால் உடல். 'லைக்' என்ற சொல்லும் அதன் உறவு. இங்கிலாந்தில் பழைய தேவாலய மயானங்களின் வாசலில் கூரையோடு ஒரு நுழைவாயில் இருக்கும். சவப்பெட்டியை அங்கே வைத்துக் குருவுக்குக் காத்திருப்பார்கள். அதன் பெயர் 'லிச் கேற்'. ஆகவே 'பிரில்லியன்ட்லி' என்பதன் உள்ளுறுப்புகளைப் பிரித்தால் ஒளிரும் உடலோடு என்று வரும். நமது 'ஆக' என்ற உருபு 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது. அவர்கள் ஓர் உருவத்தைச் சொல்கிறார்கள். நாம் ஓர் ஆகுதலைச் சொல்கிறோம்.

வழக்கிலே இச்சொல்லை மூன்று விதமாகக் காணலாம். முதலாவது பழைய ஒளிப்பொருள். மண்டபம் 'பிரில்லியன்ட்லி' ஒளியூட்டப்பட்டிருந்தது, பறவை 'பிரில்லியன்ட்லி' வண்ணம் கொண்டது என்பார்கள். அங்கே பாராட்டு இல்லை; வெளிச்சத்தின் அளவுதான் பேசப்படுகிறது. இரண்டாவது திறமைப் பொருள். பந்தைத் தடுத்தான், வழக்கை வாதித்தாள், வேடத்தை நடித்தான் என்ற வினைகளோடு வரும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்காக ஒருவர் பொறுமையாகச் செய்த வேலைக்கு ஆங்கிலேயர் இச்சொல்லை எளிதில் போடமாட்டார்கள். விடாமுயற்சிக்கு அவர்களிடம் வேறு சொற்கள் உண்டு. 'பிரில்லியன்ட்லி' என்றால் மின்னல் போல ஒரு கணத்தில் வெட்டித் தெரிகிற திறமை. பார்ப்பவன் கண்ணைக் கூச வைக்கவேண்டும்.

மூன்றாவது, எள்ளல். பிரித்தானியர் இதில் மன்னர்கள். தேநீர்க் கோப்பை கவிழ்ந்து மேசை முழுவதும் ஓடினால் 'பிரில்லியன்ட்' என்பார்கள். 1980களில் அங்குள்ள இளம்பிள்ளைகள் சொல்லின் வாலை வெட்டி 'பிரில்' என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். பாட்டும் 'பிரில்', சப்பாத்தும் 'பிரில்'. எல்லாம் மின்னினால் எதுவும் மின்னாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். பிறகு வேறு சொற்களுக்குப் போய்விட்டார்கள்.

மாணவ நேயர்களுக்காக ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. 'பாட்டை அருமையாகப் பாடினாள்' என்று நாம் வினையடையை வினைக்குச் சற்று முன்னே வைக்கிறோம். ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் இதனைச் செருகக்கூடாது. பாடினாள், பாட்டை, அதன் பின் 'பிரில்லியன்ட்லி'. நம்முடைய பிள்ளைகள் வழுக்குகிற இடம் இது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதியைப் பார்த்தால் பிரகாசமாக, மிகச் சிறப்பாக என்று இருக்கும். 'சிறப்பாக' என்பது கூட்ட அறிக்கைகளில் உழைத்து உழைத்துத் தேய்ந்த சொல். 'விழா சிறப்பாக நடைபெற்றது' என்று வாசித்தால் விழாவிலே என்ன நடந்தது என்று நமக்கு ஒன்றும் தெரியாது. 'அருமையாக' என்பது நல்ல சொல். அரிதாகக் கிடைப்பது என்ற பொருள் உள்ளே இருக்கிறது. ஆனால் அதனையும் நாம் அரிதாகப் பயன்படுத்துவதில்லை.

'பிரமாதமாக' என்ற சொல் பெரிய வேடிக்கை. வடமொழியில் பிரமாதம் என்றால் கவனயீனம், தவறு. பாளியில் பமாதம். தம்மபதத்தின் இரண்டாவது அதிகாரம் அப்பமாத வர்க்கம். கவனம் தவறாதிருத்தலைப் பற்றியது. அந்தக் குற்றப்பெயர் தமிழில் எப்படியோ குட்டிக்கரணம் அடித்துப் பாராட்டாகிவிட்டது. ஆங்கிலத்திலும் 'ஓஃபுலி' என்று அச்சத்தைக் காட்டிய சொல் 'மிகவும்' என்று ஆகியிருக்கிறது. நான் அந்தப் பிள்ளையின் கொப்பியில் எழுதியதைப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் பிரமாதம் என்றுதான் சொல்லவேண்டும்.

நம்முடைய யாழ்ப்பாணப் பேச்சில் 'திறம்' என்ற சொல் இருக்கிறது. 'திறமாய்ச் செய்தான்' என்றால் அதிலே செய்கையின் கூர்மை தெரிகிறது. பரீட்சைக்காரர் அதனைத் 'திறமைச் சித்தி' என்று கீழிறக்கிவிட்டார்கள். அது சொல்லின் குற்றமல்ல. ஆனால் என்னிடம் கேட்டால், 'பிரில்லியன்ட்லி'க்கு உடன்பிறப்பு 'மணியாய்' என்பதுதான். 'மணியான பிள்ளை', 'மணியாய்ச் செய்து முடிச்சான்' என்று நம் ஆச்சிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இத்தாலியில் ஒரு கல்லை நினைத்து ஒளிர்தலைச் சொன்னார்கள் என்றால், இங்கே ஒரு கல்லை நினைத்து நேரடியாகப் பாராட்டியே விட்டார்கள். இந்தச் சொல்லை மேடைத் தமிழுக்குக் கொண்டுவர ஏன் கூச்சப்படுகிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் கொப்பிக்கு வருகிறேன். அன்றிரவு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய கட்டுரையை மட்டும் வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். மழையைப் பற்றி ஒரே வசனம். சனக் கூட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிய பெரிய சொற்கள் எதுவும் அதிலே இல்லை. அவளுடைய அம்மம்மா நடந்து வருகிறா. கொஞ்சத் தூரம் போனதும், "பிள்ளை, கதவைப் பூட்டினனியே?" என்று கேட்கிறா. தாய், "ஓம், பூட்டினனான்" என்கிறா. பாலத்துக்குக் கிட்ட வந்ததும் மறுபடி அதே கேள்வி. தாய் திறப்பை எடுத்துக் காட்டுகிறா. பாலத்தைக் கடந்தபின் மூன்றாந்தரம் அம்மம்மா கேட்கிறா. அதற்கு யாரும் பதில் சொன்னதாகப் பிள்ளை எழுதவில்லை. அடுத்த வசனம், விடிந்துவிட்டது என்று தொடங்குகிறது.

இறந்தகால வினைகளில் நான்கு பிழை இருந்தது. முதல்நாள் நான் நான்கையும் சரியாகத் திருத்தியிருந்தேன். மூன்றாவது கேள்வியைக் காணவில்லை.

'பிரில்லியன்ட்லி ரிட்டன்' என்பதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் கருத்து இதுதான்: 'அம்மம்மா மூன்று முறை கேட்கிறா. இரண்டு முறை பதில் இருக்கிறது. மூன்றாவது முறை நீ பதிலை எழுதாமல் விட்டாய். நான் அந்த இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் நின்றேன்.' பாராட்டுச் சொல் ஒன்றும் போடவில்லை. போடுவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பின்னேரம் கொப்பியைக் கொடுத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள் என்று நினைக்கிறேன்.

"இப்ப விளங்குது, சேர்" என்றாள்.

விளங்குதல் என்ற வினை தமிழிலே எத்தனை வேலை செய்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. விளங்குதல் என்றால் ஒளிர்தல். திங்கள் விளங்குகிறது என்பது பழைய வழக்கு. விளக்கு என்ற பெயரும் அதிலிருந்துதான். அதே வினைதான் புரிதலுக்கும். இந்தியத் தமிழர் பெரும்பாலும் 'புரிகிறது' என்கிற இடத்தில் நாங்கள் நாளாந்தம் 'விளங்குது' என்கிறோம். ஆங்கிலத்தில் ஒளி கெட்டிக்காரனுடைய பக்கம் போய் நின்றுவிட்டது. பேசுபவன், எழுதுபவன், ஆடுபவன் மின்னுகிறான், மற்றவர்கள் பார்க்கிறார்கள். தமிழில் அது கேட்பவனுடைய பக்கமும் வருகிறது. எனக்கு விளங்குகிறது என்றால் என்னிடத்தில் வெளிச்சம் வந்திருக்கிறது. ஆகையால் 'மிக விளக்கமாக எழுதியிருக்கிறாய்' என்பதை ஒரு சாதாரண பாராட்டாக நான் இப்போது எண்ணுவதில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு அதுவும் பொருந்தாது. அது விளக்காமல் விட்டதில்தான் விளங்கியது.

சிவப்பு மையால் எழுதிய பழைய இரண்டு சொற்களையும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அவை அவ்விடத்திலே கிடப்பது வெட்கமாக இருந்தது. அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"வேண்டாம், சேர். இருக்கட்டும். எழுத்து வடிவாயிருக்கு."